புளிக்குழம்புக்கு எந்த ஒயின்? ரைன் கரைச் சமையலறையில் ஒரு சோதனை

ஜெர்மனியின் எந்த ஒயின் கடையில் போய் "இந்தியச் சாப்பாட்டுக்கு எது பொருந்தும்?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: காரமாக இருக்கும், அதனால் சற்று இனிப்பான ரீஸ்லிங் (புளிப்புக் கூடிய வெள்ளை ஒயின்) எடுத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணத்தோடு சொல்லும் பதில்தான். ஆனால் வெண்ணெயும் பாலேடும் சேர்த்துச் செய்யும் உணவகக் குழம்புகளை மனத்தில் வைத்துச் சொல்வது அது. எங்கள் வீட்டுச் சமையலுக்குச் சில நாள் பலித்தது, சில நாள் பலிக்கவில்லை. ஒரே அளவு மிளகாய்த்தூள் போட்ட இரண்டு குழம்புகள். ஒன்றோடு ஒயின் எடுப்பாக நின்றது, மற்றொன்றோடு வெறும் தண்ணீராகிப் போனது. காரம் சமம். மாறியது புளி.

தமிழ்ச் சாப்பாட்டுக்கு ஒயின் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது புளியைத்தான், மிளகாயை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. இலையுதிர்காலத்தில் தொடங்கி வார இறுதிகளில் சமைத்து, ஊற்றி, ருசித்து, குறிப்பேட்டில் எழுதி வைத்ததைக் கொண்டு இதைச் சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது மைன்ஸ் நகரத்தில். ரைன்ஹெஸ்ஸன் என்னும் ஒயின் வட்டாரம் ஊர் எல்லையிலேயே தொடங்கிவிடுகிறது. ஜெர்மனியில் உள்ள 13 ஒயின் வட்டாரங்களில் பரப்பளவில் பெரியது இதுதான். மார்ச் முதல் நவம்பர் வரை சனிக்கிழமை காலையில் பேராலயத்தை ஒட்டிய சந்தைக்குப் போனால் திராட்சை விவசாயிகளே கண்ணாடிக் கோப்பையில் ஊற்றித் தருவார்கள். ஊர்க்காரர்கள் ஒரு கையில் ரொட்டியும் சாசேஜும் மறுகையில் ஒயினுமாக நின்றுகொண்டு கதை பேசுவார்கள். "வெக், வோர்ஸ்ட், வோய்" என்று தங்கள் வட்டார மொழியில் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அங்கே வாங்குவதில் எனக்கு ஒரு பெரிய வசதி உண்டு. விவசாயியின் விலைப்பட்டியலில் ஒவ்வொரு ஒயினுக்கும் எதிரே, நொதித்து மதுவாகாமல் எஞ்சிய சர்க்கரை எத்தனை கிராம், அமிலம் எத்தனை கிராம் என்று லிட்டர் கணக்கில் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். இந்தச் சோதனை முழுவதற்கும் அந்த இரண்டு எண்கள்தான் கைவிளக்கு.

நான்கு கிண்ணங்கள்

சாப்பாட்டோடு நேரடியாகத் தொடங்கினால் எது எதைக் கெடுக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது. சாம்பாரில் உப்பு, புளிப்பு, காரம், பருப்பின் இனிப்பு, பெருங்காயம் எல்லாம் ஒன்றாக வந்து மோதும். அதனால் முதலில் நான்கு சிறு கிண்ணங்கள். ஒன்றில் கல்லுப்பு கரைத்த நீர். ஒன்றில் நீர்க்கக் கரைத்த புளி. ஒன்றில் நல்லெண்ணெயைச் சூடாக்கி அதில் ஊறவைத்த மிளகாய்த்தூள். காரத்தன்மை எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். நான்காவதில் இளக்கிய வெல்லப்பாகு. ஒயின் ஒரு வாய், கிண்ணத்திலிருந்து அரைக் கரண்டி, மறுபடியும் ஒயின் ஒரு வாய். இடையில் வெறும் சோறு இரண்டு பருக்கை, தண்ணீர். ருசி பார்க்கும்போது விழுங்குவதில்லை, பக்கத்தில் ஒரு குவளை வைத்துத் துப்பிவிடுவோம். அப்படிச் செய்யாவிட்டால் மூன்றாவது புட்டிக்கு மேல் எழுதும் குறிப்புக்கு மதிப்பில்லை.

ஒயின், எந்தச் சேட்டையும் இல்லாத ஒரு சில்வானர் வெள்ளை ஒயின். இனிப்பில்லாதது, புளிப்பும் வாசனையும் மிதமானவை. இந்த ஊர்க்காரர்கள் வசந்தத்தில் வெள்ளைத் தண்ணீர்விட்டான் (அஸ்பாரகஸ்) குருத்தோடு குடிப்பது இதைத்தான்.

உப்புக்குப் பிறகு ஒயின் மென்மையானது. அதுவரை மறைந்திருந்த பேரிக்காய் வாசனை மேலே வந்தது. வெல்லத்துக்குப் பிறகு அதே ஒயின் எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் கலந்தது போல ஆனது, கடைசியில் லேசாகக் கசந்தது. மிளகாய் எண்ணெய்க்குப் பிறகு மதுச்சூடு எரிந்தது. இதற்குக் காரணம் உண்டு. மிளகாயின் காரமும் கொதிநீரின் சூடும் வாயில் தொடுவது ஒரே உணர்வியைத்தான். மது அந்த உணர்வி விழித்துக்கொள்ளும் வெப்பநிலையைக் கீழே இறக்கிவிடுகிறது. அதனால்தான் 14 விழுக்காடு மது உள்ள ஒயின் காரச் சாப்பாட்டோடு தீயாகிறது, 8 விழுக்காடு உள்ளது அப்படி ஆவதில்லை. குளிர்ச்சியாகக் குடித்தால் எரிச்சல் இன்னும் குறையும்.

புளிக்கிண்ணம்தான் என்னை உட்கார வைத்தது. நீர்த்த புளிக்குப் பிறகு சில்வானர் முன்பைவிட இனிப்பாக, உருண்டையாக இருந்தது. கரைசலைக் கெட்டியாக்கினேன். இப்போது ஒயினில் பழமும் இல்லை, புளிப்பும் இல்லை. நேற்றுத் திறந்து மறந்துபோன புட்டியின் ருசி. நாக்கு ஒரு புளிப்புக்குப் பழகிவிட்டால் அதைவிடக் குறைந்த புளிப்பு அதற்குத் தெரியாமல் போகிறது. அதே கெட்டிக் கரைசலுக்குப் பிறகு ஒரு ரீஸ்லிங்கை ஊற்றினேன். அது அசையவில்லை. கூர் சற்று மழுங்கியது, அவ்வளவுதான். மற்றபடி முழு ஒயினாக இருந்தது. வைஸ்பூர்குண்டர் என்னும் வெள்ளை ஒயின் சில்வானருக்கும் முன்பே விழுந்துவிட்டது.

ஒரே அமிலம்

பெரும்பாலான பழங்களின் புளிப்புக்கு எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலமோ ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலமோதான் காரணம். டார்டாரிக் அமிலம் முதன்மையாக இருக்கும் பழங்கள் அரிது. அந்த அரிய கூட்டத்தில் ஒன்று திராட்சை, இன்னொன்று நம் புளி. பித்தளைச் சொம்பைப் புளி போட்டுப் பளபளக்கத் தேய்க்கிறோமே, அந்த வேலையைச் செய்யும் அமிலமும் இந்த ஊர் ரீஸ்லிங்கை நிமிர்ந்து நிற்க வைக்கும் அமிலமும் ஒன்றுதான். நன்கு குளிர்ந்த வெள்ளை ஒயினில் தக்கையின் அடியிலோ புட்டியின் அடியிலோ கண்ணாடித் துகள் போலச் சில நேரம் பளிச்சிடும். விருந்தினர் பயப்படுவார்கள். அது டார்டாரிக் அமிலத்தின் பொட்டாசியம் உப்பு, ஒன்றும் செய்யாது.

அமிலம் ஒன்றே என்பதால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. எங்கள் வீட்டில் "எலுமிச்சை அளவு புளி" என்பது என் மனைவியின் கை உருட்டும் அளவு. தராசில் வைத்தால் ஏறத்தாழ 35 கிராம். புளியின் சதையில் எடைக்கு 8 முதல் 18 விழுக்காடு வரை டார்டாரிக் அமிலம் இருக்கும். அப்படியானால் அந்த உருண்டையில் 3 முதல் 6 கிராம் அமிலம். அதை முக்கால் லிட்டர் குழம்பாக்கினால் லிட்டருக்கு 4 முதல் 8 கிராம். இப்போது ஒயின் பட்டியலைப் பார்த்தால், வைஸ்பூர்குண்டரில் 6 கிராம் அளவு, ரீஸ்லிங்கில் 7, 8, சில ஆண்டுகளில் 9 கிராம்கூட. குழம்பும் ஒயினும் ஒரே வரம்புக்குள் மோதுகின்றன. குழம்பில் புளி கூடிவிட்டால் ஒயின் தோற்பது இதனால்தான். பாலேடு போட்ட குழம்புக்குச் சொல்லும் அறிவுரை புளிக்குழம்புக்குப் பொருந்தாமல் போவதும் இதனால்தான்.

எண் மட்டுமே முடிவு சொல்லாது. பருப்பு, எண்ணெய், தேங்காய் எல்லாம் புளிப்பை மூடும். பழைய புளி கறுத்து இனிப்பேறி இருக்கும், புதுப் புளி கூராக இருக்கும். ஆனால் எங்கே தேட வேண்டும் என்று எண் காட்டிவிடுகிறது.

சாம்பாரும் வத்தக்குழம்பும்

முருங்கைக்காய் சாம்பார். பிராங்க்பர்ட்டில் ஈழத்தமிழர் கடையில் முருங்கைக்காய் கிடைக்கும் நாளில்தான் இதைச் செய்வது. துவரம்பருப்பு குழைந்து புளிப்பை அணைத்துக்கொள்வதால் சாம்பார் நான் நினைத்ததைவிட இணக்கமான சாப்பாடு. இனிப்பே இல்லாத ரீஸ்லிங் அதோடு சரியாக இருந்தது, ஆனால் சற்று விறைப்பு. லிட்டருக்கு 15 கிராம் அளவு சர்க்கரை எஞ்சிய ரீஸ்லிங்கை ஊற்றியதும் பருப்பின் இனிப்பும் ஒயினின் இனிப்பும் கைகோத்தன. பெருங்காயத்தைப் பற்றி எனக்குக் கவலை இருந்தது. அதில் கந்தகச் சேர்மங்களின் வாசனைதான் தூக்கல். ஓக் பீப்பாயில் வளர்ந்த ஒயினோடு அது சண்டை போட்டது. மரவாசனையும் பெருங்காயமும் சேர்ந்து மருந்துக்கடையாகிவிட்டன. எஃகுத் தொட்டியில் வளர்ந்த ஒயினோடு சிக்கலே இல்லை.

வத்தக்குழம்புக்கு வந்தால் விளையாட்டு வேறு. சுண்டைக்காய் வற்றலை நல்லெண்ணெயில் கருகாமல் சிவக்க வறுத்து, வெந்தயம் தாளித்து, புளியை ஊற்றி, எண்ணெய் பிரிந்து ஓரத்தில் கண் கண்ணாகத் தளும்பும் வரை கொதிக்கவிட வேண்டும். கொதிக்கக் கொதிக்க நீர் போகும், அமிலம் போகாது. அடுப்பில் வைத்தபோது லிட்டருக்கு 6 கிராம் இருந்தது என்றால், மூன்றில் ஒரு பங்கு வற்றி இறக்கும்போது 9 ஆகிவிடும். மேலே கசப்பு, காரம், உப்பு வேறு.

சிவப்பு ஒயின் டோர்ன்ஃபெல்டரை இதோடு வைத்துப் பார்த்தேன். 1955இல் வைன்ஸ்பெர்க் ஆய்வு நிலையத்தில் இனக்கலப்பு செய்து உருவாக்கிய ரகம். கறுத்த நிறம், நாவல்பழத்தின் ருசி. தனியாகக் குடித்தால் நல்ல ஒயின். சிவப்பு ஒயினின் துவர்ப்பு, உமிழ்நீரில் இருக்கும் புரதங்களைப் பிடித்துத் திரள வைப்பதால் வாய் வறளும். ஏற்கெனவே காரத்தில் எரியும் வாய்க்கு அந்த வறட்சி உப்புத்தாள் தேய்த்தது போலாகிறது. சுண்டைக்காய்க் கசப்பு ஒயினின் கசப்பைத் தட்டி எழுப்பிவிட்டது. இரண்டு வாயோடு கோப்பையைத் தள்ளி வைத்தோம்.

பிறகு மோசெல் ஆற்றுப் பக்கத்துக் கபினெட். கபினெட் என்பது இயற்கையான சர்க்கரை குறிப்பிட்ட அளவு ஏறிய பழத்திலிருந்து செய்யும் லேசான ஒயின் வகை. மோசெல் கரையின் செங்குத்துச் சரிவுகளில் கற்பலகைப் பாறைத் துண்டுகளுக்கிடையே விளையும் ரீஸ்லிங். இனிப்பான கபினெட்டில் மது 8 விழுக்காடு அளவுதான். நான் எடுத்ததில் சர்க்கரை 40 கிராமுக்கு மேல், அமிலம் 8க்கு மேல். 8 டிகிரி குளிர்ச்சி. சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு கவளம், சுட்ட அப்பளம் ஒரு துண்டு, பிறகு ஒயின். அது முதலில் காரத்தை அணைத்தது. அடுத்து, குழம்பின் புளிப்புக்கு ஈடான புளிப்போடு வந்ததால் இனிப்பு திகட்டவில்லை. பச்சை ஆப்பிளும் எலுமிச்சைத் தோலும் தெளிவாகத் தெரிந்தன. கடைசியில் வெந்தயத்தின் மெல்லிய கசப்பு மட்டும் நாக்கில் தங்கியது, அடுத்த கவளத்தைக் கேட்கும்படி. அமிலம் குறைந்த வேறொரு இனிப்பு ஒயினை இதே குழம்போடு வைத்தபோது வெறும் பழரசம் மிஞ்சியது. ஆகவே "இனிப்பான ஒயின்" என்பது பாதி அறிவுரை. புளிப்பும் இனிப்பும் சேர்ந்தே உயர்ந்த ஒயின் வேண்டும்.

மீன் குழம்பு இரண்டு வகை

மீனோடு சிவப்பு ஒயின் கூடாது என்பது பழைய விதி. அதற்குக் காரணத்தைத் தேடியவர்கள் ஜப்பானின் மெர்சியன் நிறுவன ஆய்வாளர்கள். 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒயினில் இருக்கும் இரும்புதான் கடல் உணவோடு சேரும்போது கவுச்சி வாடையைக் கிளப்புகிறது என்று காட்டினார்கள். அந்த விதி எங்கள் வீட்டிலும் உண்மையானது: வஞ்சிரம் குழம்போடு ஸ்பேட்பூர்குண்டர் என்னும் சிவப்பு ஒயின் குடித்த வாயில் பழைய நாணயத்தைக் கடித்த வாடை. புளி ஓங்கிய இந்தக் குழம்புக்கு மறுபடியும் ரீஸ்லிங்தான் பதில். ஆனால் வத்தக்குழம்புக்கு வேண்டிய அளவு இனிப்பு வேண்டாம், பாதி போதும். தக்காளி சேர்த்த குழம்பு என்றால் அதே ஸ்பேட்பூர்குண்டர் திராட்சையிலிருந்து தோலைச் சீக்கிரம் பிரித்துச் செய்யும் ரோஜா நிற ஒயினும் நன்றாக இருக்கிறது. துவர்ப்பு அதில் அநேகமாக இல்லை. பழவாசனை தக்காளியோடு சேர்கிறது.

மாடி வீட்டில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். என் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, நாங்கள் குழம்புக்குத் தேங்காய்ப்பால் விடுவோம். உங்கள் புளிக் கணக்கு எங்கள் குழம்புக்குச் சரிவராது" என்றார். மறுநாள் மாலையே ஒரு சட்டி குழம்போடு இறங்கி வந்தார். வறுத்து இடித்த யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளின் கருஞ்சிவப்பு, மேலே முதற்பாலின் வெண்மை, கறிவேப்பிலை, சிறிது வெந்தயம். புளி இருக்கிறது, ஆனால் பாலுக்குள் அடங்கி இருக்கிறது.

அவர் சொன்னது சரி. எங்கள் குழம்போடு எழுந்து நின்ற ரீஸ்லிங் இதன் முன் முரட்டுத்தனமாகத் தெரிந்தது, தேங்காய்ப்பாலின் வழவழப்பை அறுத்துக்கொண்டு போனது. புளிச் சோதனையில் முதலில் விழுந்த வைஸ்பூர்குண்டர் இங்கே வெற்றி பெற்றது. பாதாம்பருப்பின் சாயல், மெல்லிய புளிப்பு, வாயை நிறைக்கும் உடல். தேங்காய்ப்பாலுக்கு அதைவிடப் பொருத்தம் நான் ருசித்தவற்றில் இல்லை. காரம் மட்டும் அதை எரியவைத்தது. 13 விழுக்காடு மது. நன்றாகக் குளிரவைத்தபோது அது தணிந்தது. அக்காவின் கணவர் குடிப்பதில்லை. ஆனால் முகர்ந்து சொல்வதில் எங்கள் எல்லாரையும்விடத் தேர்ந்தவர். கோப்பையைச் சுழற்றி மூக்கருகே வைத்து, "இதில் தேங்காய்ப்பூ வாசம் இல்லை, ஆனால் தேங்காய்ப்பூவுக்கு இடம் இருக்கிறது" என்றார். அதைவிட நல்ல குறிப்பு என் ஏட்டில் இல்லை.

இதே தர்க்கம் அவியலுக்கும் கூட்டுக்கும் பொருந்தும். தேங்காயும் தயிரும் முன்னே நிற்கும் இடத்தில் சில்வானரும் வைஸ்பூர்குண்டரும் போதும்.

மிளகு

புளியே இல்லாத சாப்பாடு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க ஆட்டுக்கறி மிளகு வறுவல். சிறு வெங்காயம், பூண்டு, சோம்பு, கறி தன் நீரிலேயே வெந்து சுருண்டதும் கடைசியில் கல்லில் தட்டிய மிளகு, இரண்டு கரண்டி நெய். புளி மட்டுமல்ல, தக்காளியும் கிடையாது.

சிரா என்னும் திராட்சையில் மிளகு வாசனை வரும் என்று ஒயின்காரர்கள் சொல்வது வெறும் உவமை இல்லை. ரோட்டண்டோன் என்ற சேர்மம் அது. ஆஸ்திரேலிய ஒயின் ஆய்வுக் கழகத்தினர் 2008இல் சிராஸ் (சிராவுக்கு அங்கே வழங்கும் பெயர்) ஒயினில் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். நம் கறுப்பு மிளகின் வாசனையிலும் அதே சேர்மம்தான் இருக்கிறது. குளிர்ந்த இடத்தில் விளையும் சிராவில் அது தூக்கலாக இருக்கும். ஆகவே பிரான்சின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு க்ரோஸ் எர்மிதாஜ் வாங்கி, 15 டிகிரியில் ஊற்றினேன். கறியின் கொழுப்பும் புரதமும் ஒயினின் துவர்ப்பை வாங்கிக்கொண்டன. வத்தக்குழம்போடு உப்புத்தாளான அதே துவர்ப்பு இங்கே பட்டாக இருந்தது. கறியின் மிளகு எங்கே முடிகிறது, ஒயினின் மிளகு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. குழம்பில் புளி இல்லாவிட்டால் சிவப்பு ஒயினுக்குத் தமிழ்ச் சாப்பாட்டில் தாராளமாக இடம் இருக்கிறது.

என் மனைவிக்கு ஒயினில் மிளகு வாசனை வரவே இல்லை. அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரால் ரோட்டண்டோனை முகர முடியவில்லை. அவர் அந்தக் கூட்டமாக இருக்கலாம். அவருக்கு அந்த ஒயினில் ஊதாப்பூவும் புகையும்தான். ஒயினைப் பற்றி இரண்டு பேர் வேறு வேறாகச் சொன்னால் ஒருவருக்கு ருசி தெரியவில்லை என்று பொருள் இல்லை, இரண்டு மூக்குகள் என்று பொருள். வீட்டில் ருசி பார்ப்பவர்கள் அவரவர் குறிப்பைத் தனியாக எழுதிவிட்டுப் பிறகு பேசுவது நல்லது.

சிறு குறிப்புகள்

ரசத்தோடு எந்த ஒயினும் வேண்டாம். பலவற்றை முயன்றுவிட்டுத்தான் சொல்கிறேன். கொதிக்கும் சூடு, புளி, மிளகு, சீரகம், மல்லித்தழை. சாப்பாட்டின் நடுவே வாயைக் கழுவி அடுத்த கவளத்துக்குத் தயார் செய்யும் வேலையை ரசமே செய்கிறது. ஐரோப்பிய மேசையில் ஒயின் செய்யும் வேலையும் அதுதான். ஒரே வேலைக்கு இரண்டு ஆள் எதற்கு?

மெதுவடைக்கும் வாழைக்காய் பஜ்ஜிக்கும் செக்ட் என்னும் ஜெர்மன் நுரை ஒயின். புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைத்த, இனிப்புக் குறைந்த வகை. உப்பு, எண்ணெய், மொறுமொறுப்பு, குமிழி, புளிப்பு: இந்தச் சேர்க்கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வடையைக் காரச் சட்னியில் தோய்த்தால் நிலைமை மாறும். குமிழி நாக்கில் குத்துவதும் வலியை உணரும் நரம்புகளின் வழியாகத்தான், ஆகவே காரத்தோடு சேர்ந்து இரட்டிப்பாகிறது. தேங்காய்ச் சட்னியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கசகசாவும் தேங்காயும் அரைத்த கோழிக் குருமாவுக்கு ஷாய்ரேபே. இந்த வட்டாரத்து ஆல்ட்சாய் ஊரில் கியோர்க் ஷாய் என்பவர் 1916இல் உருவாக்கிய ரகம் இது. பம்பளிமாசு, பிளாக்கரன்ட் செடியின் இலை, மாம்பழம் என்று வாசனை அள்ளும். இஞ்சியும் மல்லித்தழையும் இருக்கும் எதனோடும் இது தோழமையாக இருக்கிறது. இந்த ரகத்தைத் தமிழர்கள் கட்டாயம் தேடிப் பிடிக்க வேண்டும். கெவூர்ஸ்த்ராமினரை எல்லாரும் இந்தியச் சாப்பாட்டுக்குப் பரிந்துரைப்பார்கள். ரோஜாவும் லிச்சியும் மணக்கும் அந்த ஒயின் பிரியாணியோடு அழகுதான். ஆனால் அதில் அமிலம் குறைவு. புளி பட்ட நொடியில் சோப்பாகிவிடுகிறது.

சர்க்கரைப் பொங்கல், பாயசம் போன்றவற்றுக்கு ஒயின் அவற்றைவிட இனிப்பாக இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வெல்லக் கிண்ணத்தில் கண்டதுதான் நடக்கும். அவ்வளவு இனிப்பான ஒயின்கள் இங்கே உண்டு, விலையும் அதற்கேற்ப. நெய் மிதக்கும் பொங்கலுக்குப் பிறகு எனக்கு டிகிரி காபிதான் வேண்டியிருக்கிறது.

புட்டியைப் படிப்பது

ஜெர்மன் புட்டியில் "ட்ரோக்கன்" என்று இருந்தால் சர்க்கரை லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம்; அந்த மேல் எல்லைகூட அமிலம் போதிய அளவு இருந்தால்தான். "ஹால்ப்ட்ரோக்கன்" பொதுவாக 18 கிராம் வரை. "ஃபைன்ஹெர்ப்" என்ற சொல்லுக்குச் சட்டப்படியான எல்லை கிடையாது. எங்கள் சாம்பாருக்குப் பொருந்திய ஒயின்கள் பலவும் இந்தப் பெயரில்தான் வருகின்றன, ஆனால் 12 கிராமும் இருக்கலாம், 25 கிராமும் இருக்கலாம். எதுவும் எழுதாத புட்டியில் மது 8 விழுக்காடு என்று பார்த்தால் உள்ளே சர்க்கரை மிச்சம் இருக்கிறது என்று ஊகிக்கலாம். நொதித்திருந்தால் அது மதுவாகியிருக்கும். 12க்கு மேல் என்றால் பெரும்பாலும் இனிப்பில்லாதது.

2023 டிசம்பர் 8ஆம் தேதிக்குப் பிறகு தயாரித்த ஒயின்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஊட்டச்சத்து விவரத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. பெரும்பாலும் பின்பக்கம் ஒரு கியூஆர் கட்டமாக இருக்கும். கைபேசியைக் காட்டினால் 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று வரும். பத்தால் பெருக்கினால் லிட்டர் கணக்கு. பேரங்காடியில் கேட்க ஆள் இல்லாதபோது நான் இதைத்தான் செய்கிறேன். அமிலத்தை அந்த அட்டவணை சொல்லாது. அதற்குத் திராட்சை ரகத்தையும் ஊரையும் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்: ரீஸ்லிங் என்றால் கூடுதல், மோசெல் என்றால் இன்னும் கூடுதல், பூர்குண்டர் வகைகள் என்றால் நடுத்தரம், கெவூர்ஸ்த்ராமினர் என்றால் குறைவு.

மிச்சமாகும் ஒயினை வீணாக்க வேண்டியதில்லை. அமிலமும் சர்க்கரையும் கூடிய ரீஸ்லிங் திருகுமூடியை இறுக்கிக் குளிர்பெட்டியில் வைத்தால் நான்கைந்து நாள் தாங்குகிறது. வைஸ்பூர்குண்டர் இரண்டு நாளில் களைத்துவிடுகிறது. மீன் குழம்பு மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும் என்பதை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. புளி மீனுக்குள் இறங்கி, காரம் அடங்கி, எண்ணெய் மேலே நிற்கும். சனிக்கிழமை இரவு அரைப் புட்டியோடு நிறுத்திவிட்டு மீதியை ஞாயிறு மதியக் குழம்புக்கு வைத்துப் பார்த்தோம். ஆனால் காரம் அடங்கிய இரண்டாம் நாள் குழம்புக்கு, முந்தைய இரவில் சற்றுக் கூடுதல் இனிப்பாகத் தெரிந்த ரீஸ்லிங் பொருந்துவதில்லை. இனிப்பே இல்லாத நீர்ஸ்டைன் ஊர் ரீஸ்லிங் பொருந்துகிறது. அதனால் இப்போது வாங்கும்போதே முதல் நாளுக்கு ஒன்று, மறுநாளுக்கு ஒன்று என்று இரண்டு புட்டிகளாக எடுத்துக்கொள்கிறேன்.